கைதிக் கப்பலில் ஏறிய கைதியல்லாத மனைவியர் யார்?

ஜார்ஜ்டவுன் வாசகி, பினாங்கு:

அன்புடையீர், வணக்கம். நான் பினாங்கில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். என் மகள் ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாத் தீவில், ஹோபார்ட் நகரில் வேலை பார்க்கிறாள். சென்ற டிசம்பரில் ஒரு மாதம் அவளுடன் தங்கியிருந்தபோது, துறைமுக ஓரத்தில் நிற்கும் வெண்கலச் சிலைகளைப் பார்த்தேன். பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் கைதிகளாகக் கப்பலேற்றி அனுப்பப்பட்ட பெண்களையும் அவர்களுடைய குழந்தைகளையும் நினைவுகூர்வதற்காக, அயர்லாந்துச் சிற்பி ரோவன் கில்லெஸ்பி வடித்து 2017இல் நிறுவப்பட்ட சிலைகள் அவை. அவற்றின் முகத்தைப் பார்த்த பிறகு என்னால் உடனே அங்கிருந்து நகர முடியவில்லை. மறுநாள் மகளை அழைத்துக்கொண்டு, தெற்கு ஹோபார்ட்டில் மலையடிவாரத்தில் இருக்கும் கேஸ்கேட்ஸ் பெண்கள் தொழிற்கூடத்துக்கும் போய் வந்தேன். 1828 முதல் 1856 வரை கைதிப் பெண்களை அடைத்து வைத்து வேலை வாங்கிய இடம் அது. இப்போது பெரும்பாலும் மதில்கள்தாம் எஞ்சியிருக்கின்றன.

அங்கே எங்களை அழைத்துச் சென்று விளக்கியவர், ஒரு கப்பலில் வந்தவர்களைக் கைதிப் பெண்கள், அவர்களுடைய குழந்தைகள், கைதியல்லாத பெண்கள் என்று மூன்றாகப் பிரித்துச் சொன்னார். கடைசியாகச் சொன்னவர்கள் யார் என்று கேட்டேன். "முன்பே நாடு கடத்தப்பட்ட ஆண் கைதிகளின் மனைவியர்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த மதிலுக்குப் போய்விட்டார். ஊர் திரும்பி இத்தனை மாதங்கள் ஆகியும் அந்த ஒரு வரி என் மனத்தை விட்டு நீங்கவில்லை. எந்தக் குற்றமும் செய்யாத ஒரு பெண் எதற்காகக் கைதிக் கப்பலில் ஏறினாள்? அவளுடைய பயணச் செலவை யார் ஏற்றார்கள்? கைதிகள் படுத்த அதே தளத்தில்தான் அவளும் படுத்தாளா? கரையிறங்கிய பிறகு அவள் நிலை கைதிப் பெண்ணின் நிலையிலிருந்து எந்த அளவுக்கு வேறுபட்டது?

இதை இவ்வளவு வற்புறுத்திக் கேட்பதற்கு என் குடும்பக் காரணம் ஒன்றும் உண்டு. என் பாட்டி 1930களில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி, நிபோங் திபால் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த என் தாத்தாவைத் தேடி வந்தவர். தாத்தாவைப் பற்றி எங்களிடம் இரண்டு மூன்று தாள்களாவது இருக்கின்றன. பாட்டி வந்ததற்கு ஒரு தாள்கூட இல்லை. இரண்டு பயணமும் ஒன்றல்ல என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும், கணவன் இருக்கும் இடத்தை நோக்கிக் கடல் தாண்டிப் போன பெண்களைப் பற்றி அறிந்தவர்கள் இங்கே இருந்தால் விரிவாக எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.


பிரிக்ஃபீல்ட்ஸ் வரலாற்றாசிரியர், கோலாலம்பூர்:

அம்மா, வணக்கம். இடைநிலைப்பள்ளியில் முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1788 முதல் 1868 வரை எண்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 1,62,000 கைதிகள் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் பெண்கள் சுமார் 25,000 பேர், அதாவது ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஏறக்குறைய பாதிப்பேர் நியூ சவுத் வேல்ஸுக்கும், மற்றவர்கள் அன்று வான் டீமன்ஸ் லாந்து என்று அழைக்கப்பட்ட தாஸ்மேனியாவுக்கும் போனார்கள். 1840இல் நியூ சவுத் வேல்ஸுக்குக் கைதிகளை அனுப்புவது நிறுத்தப்பட்டது. தாஸ்மேனியாவுக்குக் கடைசிப் பெண் கைதிக் கப்பல் 1853இல் வந்து சேர்ந்தது. மேற்கு ஆஸ்திரேலியா ஆண் கைதிகளை மட்டுமே பெற்றது.

ஆண்கள் இவ்வளவு பெருகிய ஊரில் பெண்கள் மிகக் குறைவாக இருந்ததுதான் தாங்கள் கேட்கும் செய்திக்கு வேர். நன்னடத்தையுடன் சில ஆண்டுகளைக் கழித்து, குடும்பத்தைக் காப்பாற்றும் வருமானமும் உள்ள கைதி ஒருவன், தன் மனைவி மக்களை அரசுச் செலவில் வரவழைத்துத் தரும்படி ஆளுநருக்கு மனு எழுதலாம். எழுதத் தெரியாதவன் எழுதத் தெரிந்தவனைக் கொண்டு எழுதுவித்தான். முதலாளியோ பாதிரியாரோ அவனுக்குச் சான்று கூற வேண்டும். ஏற்கப்பட்ட பெயர்கள் பட்டியலாக லண்டனுக்குப் போகும். அங்கிருந்து ஊர்ப் பாதிரியார் வழியாகவோ நீதிபதி வழியாகவோ மனைவிக்குச் செய்தி சேரும். மனு ஆஸ்திரேலியாவிலிருந்து போவதற்கு நான்கைந்து மாதம், விடை வருவதற்கு மேலும் நான்கைந்து மாதம் என்று கடலிலேயே ஏறத்தாழ ஓராண்டு கழிந்துவிடும் காலம் அது. அப்படி அழைக்கப்பட்ட பெண்களை ஏற்றிச் செல்வதற்கு அரசு தனிக் கப்பல் பிடிக்கவில்லை. எப்படியும் போகவிருக்கும் பெண் கைதிக் கப்பலிலேயே அவர்களுக்கும் இடம் கொடுத்தது. தங்கள் வழிகாட்டி சொன்ன மூன்றாவது பிரிவு உருவானது இப்படித்தான்.

"எதற்காக ஏறினாள்" என்ற கேள்விக்கு அன்பு என்று ஒரு சொல்லில் விடை கூற எனக்கு மனம் வரவில்லை. அன்பு இல்லாமல் இல்லை. ஆனால், கணவன் நாடு கடத்தப்பட்ட நாளில் அவள் வீட்டு அடுப்பு அணைந்துவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 1857 வரை மணமுறிவு பெறுவதற்கு நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. ஏழைப் பெண்ணுக்கு அது கனவிலும் எட்டாதது. பிள்ளைகளோடு அவள் ஊர் நிவாரணத்தை நம்பி வாழ வேண்டும். அயர்லாந்தில் 1838 வரை ஏழைகளுக்கான நிவாரணச் சட்டம்கூட இல்லை. கணவன் உயிரோடு இருக்கிறான், நிலம் பார்க்கிறான், வரச்சொல்லி எழுதியிருக்கிறான் என்று பாதிரியார் படித்துச் சொல்லும்போது, அந்தக் கடிதத்தை அவள் எப்படிக் கேட்டிருப்பாள் என்பதை நாம் ஊகிக்கலாம். வர மறுத்த பெண்களும் உண்டு. முதிய தாய் தந்தையரை விட்டு வர முடியாதவர்கள், கடலுக்கு அஞ்சியவர்கள், கணவன் திரும்ப வேண்டாம் என்றே எண்ணியவர்கள் எனக் காரணம் பலவாக இருந்திருக்கும். அவர்களைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை.

வந்து இறங்கிய பிறகு நேர்ந்த ஒரு செய்தி, பாடம் நடத்திய காலத்திலிருந்தே என்னை வியக்க வைத்தது. அன்றைய முறைப்படி கைதிகள் குடியேறிகளுக்கு வேலையாட்களாக ஒப்படைக்கப்படுவார்கள். கைதியல்லாத மனைவி வந்து சேர்ந்ததும், அவளுடைய கணவனையே அவளிடம் ஒப்படைப்பது உண்டு. ஆங்கிலேயச் சட்டத்தின்படி மனைவியின் உடைமை முழுவதும் கணவனுக்கே சொந்தம். அதே ஆங்கிலேய அரசின் கைதிப் பதிவேட்டில், மனைவி எசமானி, கணவன் அவளுடைய வேலையாள். அவன் ஓடிப்போனாலோ குடித்துவிட்டு வேலைக்கு வராமல் போனாலோ நீதிபதியிடம் முறையிடும் உரிமை அவளுக்கு இருந்தது. பல வீடுகளில் இது ஏட்டளவில் மட்டுமே இருந்திருக்கும் என்பது என் எண்ணம். ஆனாலும் அந்த ஏட்டுரிமையால் கணவன் தொலைவிலுள்ள பண்ணைக்குப் போகாமல் மனைவியோடு ஒரே கூரையின் கீழ் இருக்க முடிந்தது. பயணத்தின் பயனே அதுதான்.

நம் தமிழர்க்கு நெருங்கிய செய்தி ஒன்றும் இதில் உண்டு. கரோலின் சிஷோம் என்ற பெண்மணி 1830களில் கணவர் பணியாற்றிய சென்னைக்கு வந்து, அங்கே ஐரோப்பியப் படைவீரர்களின் பெண்மக்களுக்காக ஒரு தொழிற்பள்ளியை நடத்தினார். 1838இல் சிட்னிக்குக் குடிபெயர்ந்தார். துறைமுகத்தில் திக்கற்று நின்ற குடியேறிப் பெண்களுக்காக 1841இல் ஒரு தங்குமில்லம் திறந்தார். பின்னர் லண்டனுக்குத் திரும்பியபோது, விடுதலை பெற்ற கைதிகளின் மனைவியருக்கும், பெற்றோர் விட்டுவந்த பிள்ளைகளுக்கும் இலவசப் பயணம் கொடுக்கும்படி அரசிடம் வாதாடி வெற்றியும் கண்டார். தண்டனைக் காலம் முடிந்த பிறகும் குடும்பம் சேராமல் கிடந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருந்தால் ஒரு பெண்மணி கடல் கடந்து போய் அதற்காக வாதாட வேண்டியிருந்திருக்கும்!


செந்தூல் வாசகர், கோலாலம்பூர்:

ஆசிரியர் ஐயா அவர்களின் விளக்கத்துக்கு நன்றி. ஒரு ஐயம். அந்தக் கப்பல்களில் போன கைதிப் பெண்களில் பெரும்பாலோர் விலைமாதர் என்றே நான் படித்திருக்கிறேன். அப்படியானால், குடும்பப் பெண்களை அவர்களோடு ஒன்றாக ஏற்றி அனுப்பியது அரசின் பெரும் தவறு ஆகாதா? தெரிந்தவர்கள் கூறவும்.


பங்சார் வழக்கறிஞர், கோலாலம்பூர்:

செந்தூல் ஐயாவுக்கு வணக்கம். தாங்கள் படித்தது பலரும் படித்ததுதான். அது தவறு என்று மரியாதையுடன் கூற விரும்புகிறேன். விலைமாதாக இருப்பது நாடு கடத்தும் தண்டனைக்குரிய குற்றமாக ஒருபோதும் இருந்ததில்லை. அந்தப் பெண்களில் மிகப் பெரும்பாலோர் திருட்டுக்காகத் தண்டிக்கப்பட்டவர்கள். எசமானி வீட்டிலிருந்து ஒரு கவுன், கடையிலிருந்து சில முழத் துணி, காயப்போட்ட படுக்கை விரிப்பு, ஒரு வெள்ளிக் கரண்டி என்று பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கும் பொருள்களைப் பார்த்தாலே நிலைமை விளங்கும். மிகப் பலருக்கு ஏழாண்டு, சிலருக்குப் பதினான்காண்டு, ஒரு சிலருக்கு ஆயுள். தொழிலைக் கேட்டால் வீட்டு வேலைக்காரி என்று சொன்னவர்களே மிகுதி. அயர்லாந்தில் பெரும்பஞ்சத்தின்போது, பட்டினியிலிருந்து தப்புவதற்காக வைக்கோற்போருக்குத் தீ வைத்துவிட்டு, தன்னை நாடு கடத்தும்படி நீதிமன்றத்தில் தானே கேட்டுக்கொண்ட பெண்களும் உண்டு. வழக்காடு மன்றத்திலேயே வாழ்நாளைக் கழிக்கும் எனக்கு அதைப் படித்த அன்று உறக்கம் வரவில்லை.

அந்தப் பெயர் அவர்களுக்கு எப்படி ஒட்டிக்கொண்டது என்றால், அவர்களைப் பற்றி எழுதி வைத்தவர்கள் கப்பல் தலைவர்களும் அதிகாரிகளும் பாதிரிமார்களும்தாம். திருமணம் செய்யாமல் ஒருவனோடு வாழ்ந்த ஏழைப் பெண்ணைக்கூட அவர்கள் அந்த ஒரு சொல்லால்தான் குறித்தார்கள். கப்பலில் நடந்த தகாத செயல்களுக்கும் அந்தப் பெண்களையே பழித்தார்கள். 1820இல் ஜேனஸ் என்ற கப்பல் சிட்னியை அடைந்தபோது பெண்கள் பலர் கருவுற்றிருந்தது தெரிந்து விசாரணை நடந்தது. கப்பல் தலைவன்மீதும் மாலுமிகள்மீதும் குற்றம் சாட்டியவர்கள் அந்தக் கைதிப் பெண்களே. அதிகாரம் முழுவதும் ஒரு பக்கம் இருந்த இடத்தில், ஒழுக்கக் கேட்டை மட்டும் மறுபக்கத்தின்மேல் ஏற்றுவது நீதியாகாது.

1790இல் சிட்னிக்கு வந்த லேடி ஜூலியானா கப்பலில் 220க்கும் மேற்பட்ட பெண்கள் இருந்தார்கள். அதில் பணியாளாக இருந்த ஜான் நிக்கோல் என்பவர், சாரா வைட்லாம் என்ற கைதிப் பெண்ணின் விலங்கைத் தாமே வெட்டி எடுத்ததையும், அவளோடு வாழ்ந்து பயணத்திலேயே மகன் பிறந்ததையும், அவளைச் சிட்னியில் விட்டுப் பிரிய நேர்ந்ததையும், பிறகு பல்லாண்டு அவளைத் தேடியும் காண முடியாமற் போனதையும் முதுமையில் உருக்கமாகச் சொல்லியிருக்கிறார். திருமணப் பதிவேடு சொல்வது வேறு. அந்தக் கப்பல் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட மறுநாளே சாரா இன்னொருவரை மணந்துகொண்டார். கைக்குழந்தையோடு, பஞ்சம் பிடித்த குடியிருப்பில், திரும்பி வருவானோ மாட்டானோ என்று தெரியாதவனுக்காகக் காத்திருப்பதைவிட, அன்றைக்கே ஒரு கூரையைத் தேடிக்கொண்டதில் நான் குற்றம் காணவில்லை. ஆனால் அவர் தரப்பை எழுதி வைக்க அவருக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

ஜார்ஜ்டவுன் அம்மா தங்கள் பாட்டியைப் பற்றிய தாள் எதுவும் இல்லை என்று எழுதியிருந்தது எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது. தாஸ்மேனியாவுக்கு வந்த கைதிப் பெண் ஒருத்தியைப் பற்றி இன்று நாம் அறியக்கூடியதைக் கேளுங்கள்: உயரம் எத்தனை அடி எத்தனை அங்குலம், கண்ணின் நிறம், தலைமயிரின் நிறம், நெற்றியின் அமைப்பு, கன்னத்துத் தழும்பு, கையில் குத்திய பச்சை, பிறந்த ஊர், படிக்கத் தெரியுமா, எந்த வேலை தெரியும், கப்பலில் நடந்துகொண்ட விதம், பிறகு எந்த எசமானனிடம் எப்போது எதிர்த்துப் பேசி எத்தனை நாள் தண்டிக்கப்பட்டாள். அனைத்தும் பதிவேட்டில் இருக்கின்றன. ஆஸ்திரேலியக் கைதிப் பதிவேடுகள் 2007இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. அதே கப்பலில், அவளுக்கு நான்கு முழம் தள்ளிப் படுத்து வந்த கைதியல்லாத மனைவிக்குப் பெரும்பாலும் ஒரு வரிதான் கிடைக்கும்: இன்னாரின் மனைவி, இத்தனை பிள்ளைகள். அவளைக் கண்காணிக்கவும், ஓடிப்போனால் பிடிக்கவும் அரசுக்குத் தேவை இருக்கவில்லை. அதனால் அவள் முகம் எப்படி இருந்தது என்று எழுதி வைக்க ஒருவரும் இல்லை. அந்த மனைவியரைத் தேட விரும்புவோர் முதலில் கணவனின் பதிவிலும் அவன் கொடுத்த மனுவிலும் தேட வேண்டியிருக்கிறது.

இதற்காகக் கைதிப் பெண்ணின் நிலையை யாரும் மேலானதாக எண்ணிவிடக் கூடாது. கேஸ்கேட்ஸில் குற்ற வகுப்பில் வைக்கப்பட்டவர்களின் ஆடையில் ஆங்கில எழுத்து 'சி'யை மஞ்சள் துணியில் வெட்டித் தைத்தார்கள். குழந்தைகளைப் பால்குடி மறந்ததும் தாயிடமிருந்து பிரித்து, சில ஆண்டுகளில் நியூ டவுனிலிருந்த அநாதைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஈரமும் நெரிசலும் மிக்க அந்த மதிலுக்குள் இறந்த கைக்குழந்தைகள் ஏராளம். கைதியல்லாத மனைவி தன் பிள்ளையைத் தன்னோடு வைத்துக்கொண்டாள். இருவருக்கும் இடையே இருந்த உண்மையான வேறுபாடு எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்.


பட்டர்வொர்த் மாலுமி:

அனைவருக்கும் வணக்கம். நாற்பது ஆண்டு கப்பலில் உழைத்தவன். "அதே தளத்தில்தான் படுத்தாளா" என்று அம்மா கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

ஆம், பெரும்பாலும் அதே இடைத்தளம்தான். சரக்குக்கும் மேல்தளத்துக்கும் நடுவே, நிமிர்ந்து நிற்கவே சிரமமான உயரத்தில், பலகையால் அடித்த இரண்டடுக்குப் படுக்கைகள் இருக்கும். கைதியல்லாதவர்களுக்குத் தடுப்பு வைத்து ஒரு பகுதியை ஒதுக்கினாலும், காற்றும் நாற்றமும் தடுப்பைப் பார்த்து நிற்பதில்லை. புயலில் ஹாட்ச் என்னும் தளத்து வாயிலை மூடிவிட்டால் உள்ளே இருப்பவர் எல்லாருக்கும் ஒரே இருட்டுதான். 1787 மே 13இல் போர்ட்ஸ்மத்தை விட்ட முதல் கைதிக் கப்பல் தொகுதி 11 கப்பல்களுடன் எட்டு மாதத்துக்கு மேல் பயணம் செய்தது. 1830களில் நன்னம்பிக்கை முனைக்குத் தெற்கே இறங்கி, நாற்பதாம் பாகையில் வீசும் கடும் மேலைக்காற்றைப் பிடித்து நாலு மாதத்திற்குள் போய்விடப் பழகிக்கொண்டார்கள். விரைவு அதிகம், ஆனால் குளிரும் அலையும் சொல்லி முடியாது. அந்தக் காற்றில் நானும் இரண்டு முறை போயிருக்கிறேன், அதுவும் இரும்புக் கப்பலில்.

ஆரம்பத்தில் சாவு மிகுதி. 1790இல் வந்த இரண்டாம் தொகுதியின் மூன்று கப்பல்களில் ஏறிய கைதிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இறந்துபோனார். ஏற்றிய தலைக்குக் கூலி பேசியிருந்தார்களே தவிர உயிரோடு இறக்கியதற்கு அல்ல. 1814இல் மூன்று கப்பல்களில் நேர்ந்த சாவுகளை ஆராய்ந்து மருத்துவர் வில்லியம் ரெட்ஃபர்ன் எழுதிய அறிக்கைக்குப் பிறகுதான், ஒவ்வொரு கப்பலிலும் அரசு நியமித்த மேற்பார்வை மருத்துவர் இருக்க வேண்டும் என்ற முறை வந்தது. ரெட்ஃபர்னும் கைதியாகப் போனவர்தான். அந்த மருத்துவர்கள் நாள்தோறும் இடைத்தளத்தைக் கழுவித் துடைத்து உலர்த்தவும், எலுமிச்சைச் சாறு கொடுக்கவும், படுக்கைகளை மேலே கொண்டுவந்து காய வைக்கவும் செய்தார்கள். சாவு பெருமளவு குறைந்தது. சிறைச் சீர்திருத்தத்துக்காக உழைத்த எலிசபெத் ஃப்ரை அம்மையாரும் அவருடைய தோழியரும் ஒவ்வொரு கைதிப் பெண்ணுக்கும் ஊசி, நூல், துணித்துண்டுகள் அடங்கிய ஒரு பையைக் கொடுத்து அனுப்பினார்கள். 1841இல் ராஜா என்ற கப்பலில் ஹோபார்ட்டுக்குப் போன பெண்கள் அப்படித் தைத்த ஒட்டுத்துணி விரிப்பு, 2,815 துண்டுகளால் ஆனது, இன்றும் கான்பெராவில் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. அசையும் கப்பலில், மங்கிய வெளிச்சத்தில் ஊசி பிடிப்பது என்னவென்று எனக்குத் தெரியும். பாய் தைத்துப் பழகிய கை இது.

விபத்துகளையும் சொல்லாமல் விட முடியாது. 1833 ஆகஸ்டு 31 அன்று ஆம்பிட்ரைட் கப்பல் பிரான்சின் பூலோன் கரைக்கு அருகிலேயே தரைதட்டியது. நூற்றுக்கு மேற்பட்ட கைதிப் பெண்களும் குழந்தைகளும் கரையிலிருப்பவர் கண் முன்னே மூழ்கினார்கள். தப்பியவர்கள் மூன்று மாலுமிகள். கைதிகளைக் கரையிறக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்று கப்பல் தலைவன் உதவியை மறுத்தான் என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. அம்மா கேட்ட மனைவியர் இருந்த கப்பல் நீவா. 1835 ஜனவரியில் அயர்லாந்தின் கார்க் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. 150 கைதிப் பெண்கள், அவர்களுடைய குழந்தைகள், கைதியல்லாத பெண்கள் ஒன்பது பேர், அவர்களுடைய குழந்தைகள். நாலு மாதம் கடலைத் தாண்டி, சிட்னிக்குச் சில நாள் தூரத்தில், மே 13 விடியற்காலையில் கிங் தீவுக்கு அருகே பாறையில் மோதி உடைந்தது. 224 பேர் இறந்தார்கள். பிழைத்த 15 பேரில் ஆறு பேர் கைதிப் பெண்கள், மற்றவர்கள் மாலுமிகள். அந்த ஒன்பது மனைவியரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பிள்ளைகளும்தான். சிட்னிக் கரையில் காத்திருந்த கணவன்மார்களுக்குச் செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைக்கவே மனம் தாங்கவில்லை.


ஆயர் ஈத்தாம் வாசகர், பினாங்கு:

இந்த உரையாடலைப் படித்துக்கொண்டிருந்தபோது நம் தீவின் பழைய கதையையும் இங்கே சேர்க்கத் தோன்றியது. பிரிட்டிஷார் சிட்னியில் கைதிகளை இறக்கிய சில ஆண்டுகளுக்குள்ளேயே, இந்தியாவிலிருந்து கைதிகளைப் பினாங்குக்கும் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். அன்று இதன் பெயர் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவு. ஃபார்குவார் சாலையில் 1818இல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் அந்தக் கைதிகளின் உழைப்பு. 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட பிறகு, சின்ன மருதுவின் மகன் துரைசாமி உள்ளிட்ட போராளிகள் எழுபதுக்கு மேற்பட்டோர் 1802இல் தூத்துக்குடியிலிருந்து இந்தத் தீவுக்குத்தான் நாடு கடத்தப்பட்டார்கள்.

அவர்கள் விட்டு வந்த மனைவியருக்கு எவரும் இலவசப் பயணம் கொடுக்கவில்லை. வெள்ளைக் கைதிகளை வைத்து ஆஸ்திரேலியாவில் குடிமக்கள் பெருக வேண்டும் என்று எண்ணிய அரசு, இந்தியக் கைதிகளிடமிருந்து சாலையும் கட்டடமும் மட்டுமே எதிர்பார்த்தது. ஆசிரியர் ஐயா கூறிய மனு முறையைப் படிக்கும்போது இந்த வேறுபாடும் நம் நினைவில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. சிவகங்கைச் சீமையில் காத்திருந்த பெண்களின் பெயர்கள் எந்தக் கப்பல் பட்டியலிலும் வராதவை.


ஜார்ஜ்டவுன் வாசகி, பினாங்கு:

பெரியோர் அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இவ்வளவு விரிவான விடைகளை நான் எதிர்பார்க்கவில்லை. நேற்றிரவு எல்லாவற்றையும் மகளுக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். மாலுமி ஐயா எழுதிய நீவா கப்பலின் செய்தி வந்ததும் இருவருமே சிறிது நேரம் பேசவில்லை. ஹோபார்ட் துறைமுகத்துச் சிலைகளைத் தினமும் கடந்துதான் அவள் வேலைக்குப் போகிறாள்.

வழக்கறிஞர் அம்மா கூறிய முறை எனக்கு வழிகாட்டியிருக்கிறது. தாஸ்மேனியாவின் கைதிப் பதிவேடுகளை அங்குள்ள அரசு நூலகம் இணையத்திலேயே இலவசமாகத் திறந்து வைத்திருப்பதாகவும், பெண் கைதிகளைப் பற்றி ஆராயும் ஒரு மையம் ஹோபார்ட்டில் இருப்பதாகவும் மகள் சொன்னாள். கைதியல்லாத மனைவி ஒருத்தியையாவது, கணவனின் பதிவிலிருந்து தொடங்கி அவனுடைய மனு, கப்பல் பட்டியல், பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவு என்று தொடர்ந்து பார்க்கலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். கிடைப்பதை இங்கே எழுதுவேன்.

ஆயர் ஈத்தாம் ஐயா சிவகங்கைப் பெண்களைப் பற்றி எழுதியதைப் படித்த பிறகு, என் பாட்டியின் வருகையையும் எழுதி வைக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். நிபோங் திபாலில் என் பெரிய அத்தை இன்னும் இருக்கிறார், தொண்ணூறை நெருங்குகிறார். பாட்டி எந்த மாதம் கரையிறங்கினார், கப்பலில் யாருடன் வந்தார், கையில் என்ன கொண்டுவந்தார், தாத்தா துறைமுகத்துக்கு வந்து அழைத்துப் போனாரா என்று கேட்க வேண்டியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை காலை பேருந்தில் போகிறேன்.